ஆறாம் வகுப்புப் பையனுக்கு எந்த மைப்பேனா?

கேள்வி, ஜூன் 7

என் மகன் இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. இனி மைப்பேனாவில்தான் எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தெருமுனைக் கடையில் 50 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே சட்டைப் பை முழுக்க நீலம். மறுநாள் எழுதவே மறுத்துவிட்டது. மலிவுப் பேனா என்றால் இப்படித்தானா? ஜெர்மன், ஜப்பான் பேனாக்களை இணையத்தில் பார்த்தால் விலை மலைக்க வைக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று வாங்கிவிடலாமா?

ஜூன் 7, இரவு

வேண்டாம். அந்த 50 ரூபாய்ப் பேனாவே போதும்.

எழுதாததும் கசிந்ததும் தனித்தனிச் சங்கதிகள். முதலில் எழுதாததைப் பார்ப்போம். புதுப் பேனாவுக்குள் தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கும். நிப்புக்கு அடியில் செருகியிருக்கும் கரிய கட்டை பிளாஸ்டிக். அதில் பிசுக்கு இருந்தால் மை ஒட்டாமல் உருண்டு நிற்கும், நிப்பு நுனிவரை வராது. பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் கழுத்துப் பகுதியை ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் குழாய் நீரில் நன்றாக அலசித் துடைத்துவிட்டு மை நிரப்புங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும்.

கசிவைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதுவரை பேனாவைச் சட்டைப் பையில் வைக்க விடாதீர்கள்.

ஜூன் 8

கசிவு. நீங்கள் வாங்கியது உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் வகை என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பள்ளிப் பேனாக்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஃபில்லரால் மையை உறிஞ்சி உடலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுத்தைத் திருகி மூடுவோமே, அது. மை நிறைய இருக்கும்வரை இந்தப் பேனா சாது. பாதிக்குக் கீழே இறங்கியதும் மேலே காற்று நிறைந்துவிடுகிறது. பையனின் கைச்சூடோ நெஞ்சின் சூடோ பட்டால் அந்தக் காற்று விரிந்து, கீழே இருக்கும் மையைத் தள்ளுகிறது. கட்டையில் சீப்புப் பற்கள் மாதிரி வெட்டியிருப்பது இப்படி வரும் உபரி மையைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கத்தான். அதன் கொள்ளளவும் தாண்டினால் நோட்டில் ஒரு சொட்டு, சட்டையில் ஒரு குளம்.

ஆக, மை தீரட்டும், பிறகு நிரப்பலாம் என்று காத்திருக்கக் கூடாது. பாதி இறங்கியதும் நிரப்பிவிட வேண்டும். பைக்குள் வைக்கும்போது நிப்பு மேலே பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டைச் செய்தாலே முக்கால்வாசித் தொல்லை போய்விடும்.

மீதிக் கால்வாசி மரையில் வருவது. கழுத்துக்கும் உடலுக்கும் நடுவில் நீலக் கோடு தெரிந்தால் மரை வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சிலிக்கான் கிரீஸைக் குச்சியால் தொட்டு மரையில் மெல்லத் தடவுங்கள். எங்கள் காலத்தில் தையல் நூலைச் சுற்றுவோம். அதுவும் ஒரு வாரம் தாங்கும்.

ஜூன் 8, கொஞ்சம் கழித்து

எழுதாத பேனாவை உதற வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். உதறினால் மை வரும். முன் பெஞ்சுப் பையனின் முதுகில் வரும்.

ஜூன் 10

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திண்டுக்கல்லில் என் மாமா ஸ்டேஷனரி கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையெல்லாம் எனக்கு அங்கேதான். ஜூன் பிறந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. மாமா எந்தப் பேனாவையும் அட்டையிலிருந்து எடுத்து அப்படியே கொடுக்க மாட்டார். நிப்பை மைப்புட்டியில் ஒருமுறை முக்கி, கணக்கு நோட்டின் பின்னட்டையில் எட்டு எட்டாகப் போட்டுப் பார்ப்பார். எட்டில் எல்லாத் திசையும் வந்துவிடும். ஏதாவது ஒரு திசையில் நிப்பு கீறினால் அதைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். வாங்குபவர் அவசரப்படுத்தினால் கோபம் வேறு வரும்.

மலிவுப் பேனா வாங்கும் வித்தை இதில்தான் இருக்கிறது. ஒரே அட்டையில் தொங்கும் பத்துப் பேனாவில் நாலு அருமையாக எழுதும், நாலு சுமாராக எழுதும், இரண்டு தாளைக் கிழிக்கும். விலை கூடிய பேனாவில் இந்தப் பொறுக்கும் வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்துவிடுகிறார்கள். மலிவில் அதை நாம் செய்ய வேண்டும். எழுதிப் பார்க்க விடாத கடையில் மைப்பேனா வாங்காதீர்கள்.

நிப்பின் நுனியையும் வெளிச்சத்தில் பாருங்கள். கடினமான உலோகக் கலவையில் ஒரு சிறு மணியைப் பற்றவைத்து, நடுவில் பிளந்து, தேய்த்து மெருகேற்றியிருந்தால் அது நீண்ட நாள் உழைக்கும். அடிமட்ட விலையில் சிலவற்றில் மணியே இருக்காது. எஃகுத் தகட்டின் நுனியையே மடக்கி உருட்டி விட்டிருப்பார்கள். அது ஒரு பருவத் தேர்வுவரை வந்தால் பெரிது.

ஜூன் 11

“ஹீரோவை விட்டுவிட்டீர்களே” என்று இரண்டு பேர். விடவில்லை, பயந்துகொண்டு ஒதுக்கி வைத்தேன். ஹீரோ 616 என்ற சீனப் பேனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

ஷாங்காயில் 1931இல் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம், 1966இல்தான் ஹீரோ ஆனது. 616 என்பது 1941இல் கடைக்கு வந்த பார்க்கர் 51இன் சாயல். நிப்பு முழுவதும் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எலிக்குஞ்சு மூக்கு மாதிரி எட்டிப் பார்க்கும். அதனால் மூடி திறந்து வைத்தாலும் சீக்கிரம் காயாது. ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எழுதும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. பின்னால் உள்ள உறையை அழுத்தி விட்டால் மையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், ஃபில்லர் தேவையில்லை. எங்கள் வகுப்பில் ஹீரோ வைத்திருப்பவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த சித்தப்பா கொடுத்ததாக இருக்கும்.

ஆனால் இன்று ஆறாம் வகுப்புப் பையனுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். போலிகள் ஏராளம். அசலே என்றாலும், ஒளிந்திருக்கும் நிப்பு கோணிவிட்டால் வீட்டில் பிரித்துச் சரிசெய்வது கடினம். திறந்த நிப்புள்ள பேனாவில் நிப்பையும் கட்டையையும் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பள்ளிப் பேனாவுக்கு நான் பார்க்கும் முதல் தகுதி இதுதான்: கருவி எதுவும் இல்லாமல் முழுவதும் பிரிய வேண்டும்.

ஜூன் 14

வெளிநாட்டுப் பேனாக்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அவற்றில் யோசித்துச் செய்தவை உண்டு. பெலிகான் நிறுவனம் 1960இல் ‘பெலிகானோ’வைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கொண்டுவந்தது. 1980இல் வந்த லாமி ‘சஃபாரி’யைப் பத்து முதல் பதினைந்து வயதுவரை உள்ளவர்களை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள். பிடிக்கும் இடத்தில் இரு பக்கமும் தட்டையாகச் செதுக்கி, விரல் இங்கேதான் உட்கார வேண்டும் என்று பேனாவே சொல்லும்படி செய்தார்கள். பைலட் 2013இல் 1000 யென்னுக்கு விட்ட ‘ககுனோ’வில் நிப்பின் மேல் ஒரு சிரித்த முகம் இருக்கும். முகம் உங்களைப் பார்த்துச் சிரித்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பிள்ளைக்குப் பத்து முறை சொல்லிக் கொடுப்பதை அந்த முகம் செய்துவிடுகிறது. உடல் அறுகோணம் என்பதால் சாய்வு மேசையில் உருளாது. மூடியில் துளையும் உண்டு. விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டாலும் மூச்சு போக வழி இருக்கட்டும் என்று. நிப்பு காயாமலிருக்க உள்ளே தனியாக ஒரு சிறு மூடி.

நல்ல பொருள்கள்தாம். ஆனால் தொலைந்தால் அழுகை வரும் பேனாவை ஆறாம் வகுப்பில் கொடுக்கக் கூடாது. மாற்றிப் போடும் மைக் குழாயும் சிறு ஊர்க் கடைகளில் கிடைக்காது. தீர்ந்த குழாயில் ஊசி வைத்து மை நிரப்பலாம். அதைச் செய்யத் தெரிந்த வீட்டுக்கு நம் ஊர்ப் பேனாவின் கசிவு ஒரு பொருட்டே இல்லை.

ஜூன் 15

ஒரு நண்பர் விடாமல் “உள்நாட்டுப் பேனா என்றைக்குமே தரமில்லாதது” என்கிறார். ராஜமுந்திரியில் ரத்னம் செய்த பேனாவைக் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா வழியாகப் பெற்றுக்கொண்ட காந்தி, கடைத்தெருவில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935இல் கடிதம் எழுதினார். குமரப்பா நம் தஞ்சாவூர்க்காரர். இப்போதும் திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபனைட் என்ற கடின ரப்பரைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள், உலகம் முழுவதும் தேடி வாங்குகிறார்கள். அவை பள்ளிப் பேனா விலை அல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

ஜூன் 20

பேனாவைத் திட்டுவதற்கு முன் நோட்டைத் தொட்டுப் பாருங்கள். பாதிக் குற்றம் தாளில் இருக்கிறது. தாள் செய்யும்போது மை ஊறாமலிருக்கப் பசைச்சத்துச் சேர்ப்பார்கள். அது குறைந்தால் எழுத்தின் விளிம்பிலிருந்து வேர் விட்ட மாதிரி மை பரவும், பின்பக்கமும் தெரியும். பால்பாயிண்ட் பேனாவின் மை பசை போன்றது, எந்தத் தாளிலும் சமாளிக்கும். தண்ணீர் மைக்குத் தாள் ஒத்துழைக்க வேண்டும்.

நோட்டின் கனத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். புசுபுசுவென்று தடித்த தாள்தான் அதிகம் உறிஞ்சும். மழமழப்பான மெல்லிய தாள் நன்றாக இருக்கும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்களே, அந்தத் தாளில் என் பேனாக்கள் எல்லாம் நன்றாகவே எழுதுகின்றன. கடைக்குப் போகும்போது மை நிரப்பிய பேனாவோடு போங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சுழி போட்டுப் பார்த்துவிட்டு டஜன் வாங்குங்கள்.

நிப்பு மெல்லியதாக இருக்கட்டும். தமிழ் எழுதும் பிள்ளைக்கு இது முக்கியம். ண, ன, ணை என்று எழுதும்போது தடித்த நிப்பில் சுழி அடைத்துப் பொட்டாகிவிடும். அதை இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று ஆசிரியர் கண்டுபிடிக்க முடியாது. சில பையன்களுக்கு அது வசதிதான்.

ஜூன் 29

மை. நீலம் வாங்குங்கள், அதிலும் தண்ணீரில் கரையும் ராயல் நீலம். கேமல், பிரில், செல்பார்க், சுலேகா என்று எது கிடைத்தாலும் சரி. கேமல் 1931இல் பம்பாயில் தொடங்கிய நிறுவனத்தின் மை, சுலேகா 1934இல் வங்காளத்தில் தொடங்கியது. பெயர்களைக் கேட்டாலே எனக்குக் கடை வாசனை வருகிறது. கரையும் நீலம் சட்டையில் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் பெரும்பகுதி போய்விடும். காய்ந்த பிறகு வெந்நீரும் இஸ்திரியும் காட்டினால் போகாது. ஜெர்மன் பள்ளிகளில் இந்த நீலத்தை அழிக்கவே தனிப் பேனா வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள சல்ஃபைட் சாயத்தின் நிறத்தைப் போக்கிவிடும், மை அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், ஒற்றைக் கோடு போட்டு அடிக்கப் பழகட்டும்.

ஓவியத்துக்கு விற்கும் கறுப்பு இந்திய மையை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அரக்குச் சேர்ந்தது, உள்ளே இறுகினால் கட்டை போச்சு. இரண்டு நிறுவனத்து மைகளைக் கலக்கவும் வேண்டாம். பச்சை மை கேட்டு அடம்பிடித்தால், அதிகாரி ஆன பிறகு வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜூலை 6

கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார்: ஊற வைத்த பிறகு பேனா எழுதுகிறது, கசிவு மட்டும் வாரம் ஒருமுறையாவது வருகிறது, “நான்தான் தினமும் நிரப்பி அனுப்புகிறேன்.”

அம்மா, அங்கேதான் கோளாறு என்று நினைக்கிறேன். நீங்கள் நிரப்பினால் அவனுக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. கழுத்தை எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது அவன் விரலுக்குத் தெரியாது. இடைவேளையில் திறந்து பார்த்திருப்பான், கோணலாக மரையேற்றியிருப்பான். மை நிரப்பும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள். பழைய செய்தித்தாள் ஒன்று, ஈரத் துணி ஒன்று, மைப்புட்டி கவிழாமலிருக்க ஒரு டம்ளர். மாலையில் வீட்டுப்பாடம் முடிந்ததும் நிரப்பட்டும். முதல் வாரம் தரை நீலமாகும். அந்தத் தரையை அவனே துடைக்க வேண்டும். அதில் இரக்கம் காட்டாதீர்கள்.

முதல் நாள் நான் எழுதியதில் எல்லாம் “நீங்கள் செய்யுங்கள், நீங்கள் ஊற வையுங்கள்” என்றே இருக்கிறது. அதை எல்லாம் “அவன் செய்யட்டும்” என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 7

ஆம், விரல் நீலமாகத்தான் இருக்கும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

ஜூலை 18

நிப்பைப் பல்லால் கடித்து இழுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இழுத்தோம், வகுப்பில் பாதிப் பேருக்கு நாக்கு நீலம். இப்போது கேட்டால், இழுக்காதீர்கள். ரப்பர் துண்டாலோ பழைய சைக்கிள் டியூப் துண்டாலோ பிடித்து நேராக இழுத்தால் வரும்.

பழைய வைத்தியங்களையும் ஒருமுறை அலசிவிடலாம். நிப்பைத் தலைமுடியில் துடைப்பது: பரவாயில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் துடைத்தால் மறுபடியும் பிசுக்குத்தான், ஜூன் 7க்கே திரும்புவோம். சிந்திய மையைச் சாக்பீஸால் உறிஞ்சுவது: அருமையான வழி, பெஞ்சு மையெல்லாம் அதில் ஏறி, நீலச் சாக்பீஸும் இலவசமாகக் கிடைக்கும். கரகரக்கும் நிப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பது: கூடவே கூடாது. நுனி மணி அதோடு போய்விடும். பழுப்புக் காகிதத்தில் எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் சிறு கரகரப்பு தானாகப் பழகிவிடும். பிளவில் தூசி அடைத்தால் பிளேடு விடுவார்கள். பெரியவர் கையில், மெல்லிய பிளேடு, ஒரே ஒரு முறை.

மைக் கடன் நினைவிருக்கிறதா? மூடியைத் திறந்து ஒரு பேனாவிலிருந்து இன்னொன்றில் ஐந்து சொட்டு விடுவோம். அந்த ஐந்தைத் திருப்பித் தராதவனுடன் பேச்சு வார்த்தை நின்றுபோகும். பத்தாம் வகுப்புவரை எனக்கு மை பாக்கி வைத்திருந்தவர் இப்போது வங்கி மேலாளர். கடன் வசூல் பிரிவில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 2

“இந்தக் காலத்தில் மைப்பேனாவே எதற்கு?” நியாயமான கேள்வி. மைப்பேனாவில் எழுதினால் கையெழுத்து அழகாகும் என்று பள்ளிகள் சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை. கோழிக் கிறுக்கல் மைப்பேனாவிலும் கோழிக் கிறுக்கல்தான். பிரான்சில்கூட 1965இல் பள்ளிகளில் பால்பாயிண்டை அனுமதித்துவிட்டார்கள். இங்கே நீல மூடி வைத்த வெள்ளை ரெனால்ட்ஸ் 045 வந்தபின் ஒரு தலைமுறையே மைப்பேனாவை மறந்தது, யாரும் கெட்டுப்போய்விடவில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்மை. பால்பாயிண்டில் உருளையைச் சுழல வைக்க அழுத்த வேண்டும். மைப்பேனாவில் தாளைத் தொட்டாலே மை இறங்கும், பேனாவின் எடையே போதும். நாலு பக்கம் எழுதியதும் கை வலிக்கிறது என்று அழும் பிள்ளைகள் பெரும்பாலும் அழுத்தி எழுதுபவர்கள். மைப்பேனாவில் அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும், கோடு இரட்டையாக விழும். இரண்டு நிப்பு கெட்டால் கை தானாக இலகுவாகும். இந்த ஒரு காரணத்துக்காக நான் மைப்பேனா கட்சி. கட்டாயம் என்று சொல்லித் தண்டிப்பது வேறு. அதை ஆதரிக்க மாட்டேன்.

செப்டம்பர் 13

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் கேட்டு நாளாகிவிட்டது. வலக்கைக்காரர் நிப்பை இழுத்து எழுதுகிறார், இடக்கைக்காரர் தள்ளி எழுதுகிறார். தள்ளும்போது கூரான நிப்பு தாளைக் குத்தும், எழுதிய ஈரத்தின் மேல் கையும் தேயும். நோட்டை வலப்பக்கமாக நன்றாகச் சாய்த்து வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்கினால் இரண்டும் குறையும். இவர்களுக்கு மட்டும் மிக மெல்லிய நிப்பு வேண்டாம். உருண்டையான நுனி பார்த்துப் பொறுக்குங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் ஆசிரியரிடம் பேசிப் பால்பாயிண்டுக்கு விலக்கு வாங்குங்கள். பிள்ளை மேல் பேனாவைத் திணிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 11

அம்மாவிடமிருந்து மறுபடி: கசிவு நின்றுவிட்டது, தரையும் வெளுத்துவிட்டது. ஆனால் நேற்றுப் பேனா தலைகீழாக விழுந்து நிப்பு வளைந்துவிட்டதாம். “இப்போதாவது நல்ல பேனா வாங்கலாமா?”

வாங்காதீர்கள். நிப்பைக் கழற்றி, கட்டை விரல் நகத்தால் வளைவுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நீவிப் பாருங்கள். எஃகு நிப்பு கொஞ்சம் திரும்பி வரும். இரண்டு நுனிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்யுங்கள். வரவில்லை என்றால் தனி நிப்பு கேட்டுப் பாருங்கள். மாமா கடையில் தீப்பெட்டி அளவு டப்பாவில் நிப்பு எண்ணிக் கொடுப்போம். இப்போது அப்படி வைத்திருக்கும் கடை அரிது.

கிடைக்காவிட்டால் அதே பேனாவில், அதே அட்டையில், எட்டுப் போட்டுப் பார்த்து இன்னொன்று வாங்குங்கள். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். கழுவிக் காய வைத்து மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். அதன் கட்டை நல்ல கட்டை, உடலில் விரிசல் இல்லை. முக்கியமாக, அதன் மூடி பொங்கலுக்குள் தேவைப்படும். பையன்கள் முதலில் தொலைப்பது மூடியைத்தான்.